மறையாக்கம் செய்யும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எந்தக் கோப்பு முறைமை நல்லது?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் வசிக்கிறோம். என்னிடம் விண்டோஸ், மனைவியிடம் உபுண்டு லினக்ஸ். இருவரின் காப்புப் பிரதிகளையும் ஒரே டிஸ்க்கில் வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்டி வைக்க, எக்ஸ்ஃபாட் கோப்பு முறைமை போதுமா?

பதில்: விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸே உங்களுக்குப் பொருந்தும். மறையாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது, ஓர் அடுக்கு. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை அதற்குள்ளே இருக்கும் இன்னோர் அடுக்கு. எதைத் தேர்ந்தாலும் ரகசியம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

காப்புப் பிரதி எடுக்கும்போது கேபிள் கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். என்டிஎஃப்எஸ், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற தன் அட்டவணையின் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கிறது. மீண்டும் இணைத்ததும் அதைப் பார்த்துச் சீராகிவிடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் கெடலாம். எக்ஸ்ஃபாட்டில் இந்த ஜர்னலிங் கிடையாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் 2021இல் வந்த 5.15 பதிப்பு முதல் என்டிஎஃப்எஸ்ஸில் எழுதும் வசதி உண்டு. பழைய கோப்பு முறைமையான ஃபாட்32 வேண்டவே வேண்டாம்: 4 ஜிபி அளவுள்ள ஒரு கல்யாண வீடியோவைக்கூட ஏற்காது. உபுண்டு மட்டும் என்றால் லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸும் அதன் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4உம் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஒன்றை மட்டும் மனைவியிடமும் வீட்டாரிடமும் தவறாமல் சொல்லிவையுங்கள். முழுப் பகிர்வையும் (டிஸ்க்கின் பிரிவு, partition) பூட்டிய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், அதற்கு உள்ளே இருப்பது புரியாது. ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்கும். ரத்து செய்யுங்கள். யாராவது அவசரத்தில் சம்மதித்துவிட்டால் பூட்டைத் திறக்கும் சாவி விவரங்கள் உள்ள பகிர்வின் தலைப்பகுதி அழியக்கூடும். அது இல்லாமல் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. வெராகிரிப்ட் அதன் நகலைப் பகிர்வின் கடைசியில் வைத்திருக்கும். இருந்தாலும் இன்றே அந்தத் தலைப்பகுதியைத் தனியாக ஒரு நகல் எடுத்து வேறொரு பென்டிரைவில் வையுங்கள்.