முதல் .308 வாங்கும் முன்: ஏஆர்-10, எம்1ஏ, பிரவுனிங் பார், எதை எடுப்பது?

டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. கையில் 5.56 தோட்டா போடும் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் இருக்கிறது, இரண்டு வருடமாக ரேஞ்சில் சுட்டுப் பழகியிருக்கிறார். உடன் வேலை செய்யும் நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகமாகி, அவரையும் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். "5.56 தோட்டா போதாது, .308-இல் ஒரு செமி ஆட்டோமேட்டிக் எடு என்கிறார்கள். ஏஆர்-10, எம்1ஏ, பிரவுனிங் பார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஸ்கோப்பும் சேர்த்து 2,000 டாலருக்குள் முடிக்க வேண்டும். எது சரி?" என்பது அவர் கேள்வி. (செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் நான் எடுப்பது ஏஆர் வகை .308 தான். ஆனால் கண்ணில் பட்ட ஏஆர்-10 எல்லாம் சரிப்படாது. எஸ்ஆர்-25 வகை மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) ஏற்பதாகவும், கேஸ் அளவை, அதாவது ரைஃபிளை இயக்கும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க வசதி உள்ளதாகவும் பார்த்து எடுங்கள். ரைஃபிளுக்கு 1,200 டாலரைச் சுற்றி நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "5.56 போதாது" என்பதைப் பார்ப்போம். இது பாதி உண்மை. நல்ல வேட்டைக் குண்டைப் போட்டு, நூறு கெஜத்துக்குள் அசையாமல் நிற்கும் பன்றியின் காதுக்குப் பின்னால் சுட்டால் 5.56-உம் விழவைக்கும். ஆனால் வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்பு மாதிரி தடித்த தோல் கேடயம் இருக்கும். அது நின்று போஸ் கொடுப்பதும் இல்லை. 5.56-இன் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு குழல் வாயை விட்டுக் கிளம்பும்போது சுமார் 1,300 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்புகிறது. .308-இன் 150 கிரெய்ன் குண்டு சுமார் 2,600. இரண்டு மடங்கு. கோணம் கொஞ்சம் தவறினாலும் விலங்கு காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகாமல், அங்கேயே விழ இந்த வித்தியாசம் உதவும். அந்தக் காரணத்துக்காக .308 வாங்குவது நல்ல முடிவு.

அந்த இரட்டிப்பு தோளிலும் பர்ஸிலும் தெரியும். தோட்டா விலை பொதுவாக 5.56-ஐப் போல் இரண்டு மடங்கு. உதை அதைவிட அதிகம். ஏஆர்-15 கிட்டத்தட்ட உதைக்காது என்பதால், அதில் பழகியவர்கள் .308-இன் முதல் இருபது தோட்டாவுக்குள்ளேயே விசையைத் தொடும் முன் கண்ணை மூட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது தோட்டாவோடு நிறுத்திக்கொண்டு, பல நாள் சுடுங்கள். கடைக்காரர் 6.5 கிரீட்மூர் எடுக்கச் சொல்லலாம். 2007-இல் வந்த தோட்டா, உதை குறைவு, தூரச் சுடுதலுக்கு அருமையானது. ஆனால் பன்றியை இருநூறு கெஜத்துக்குள்தான் சுடப்போகிறீர்கள், அங்கே அதனால் பெரிய லாபம் இல்லை. சின்ன ஊர்க் கடையிலும் கிடைப்பது .308 தான்.

இனி ஏஆர்-10. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ஏஆர்-15-இன் அண்ணன் என்று நினைத்து, அதைப் போலவே எந்தக் கம்பெனி பாகமும் எதிலும் பொருந்தும் என்று நம்பி வாங்குகிறார்கள். பொருந்தாது. உண்மையில் ஏஆர்-10 தான் முதலில் பிறந்தது. 1950-களின் நடுவில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தது. (ஏஆர் என்பது அந்த ஆர்மலைட்டிலிருந்து வந்ததே.) ஆனால் அமெரிக்க ராணுவம் 1957-இல் எம்14 என்ற வேறு ரைஃபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பிறகு அதே வடிவத்தைச் சுருக்கி ஏஆர்-15 ஆக்கினார்கள். அது எம்16 ஆகி ராணுவத்துக்குள் போனதால் அதன் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தரம் நிலைத்தது. பெரியதற்கு அப்படி ஒரு பொதுத் தரம் வரவே இல்லை. அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வெட்டியது. இன்று ஆர்மலைட் வகை, டிபிஎம்எஸ் வகை என்று இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. டிபிஎம்எஸ் வகைக்குள்ளேயே, ஸ்கோப் பொருத்தும் மேல் ரெயிலின் உயரம் இரண்டு விதம். மேல் பாகம் ஒரு கம்பெனி, குழலைச் சுற்றி முன்கை பிடிக்கும் ஹேண்ட்கார்ட் இன்னொன்று என்று வாங்கிவிட்டு, இரண்டும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நிற்பதை எத்தனையோ பேர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதல் .308-ஐ முழுதாக, ஒரே கம்பெனி செய்ததாக வாங்குங்கள். பாகம் பாகமாகச் சேர்ப்பது இரண்டாவது துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேகசினை அழுத்திச் சொன்னதற்கும் இதுதான் காரணம். எஸ்ஆர்-25 வகை மேகசின் இன்று எங்கும் கிடைக்கிறது, மேக்புல் செய்யும் பிளாஸ்டிக் மேகசின் விலையும் குறைவு, நம்பகமும் உண்டு. பழைய ஆர்மலைட் ஏஆர்-10பி, எம்14 மேகசினை மாற்றியமைத்துப் பயன்படுத்தியது. பழைய துப்பாக்கி ஒன்று மலிவாகக் கிடைத்தால் எடுக்கும் முன் அதன் மேகசின் எது என்று கேளுங்கள்.

கேஸ் விஷயம் இன்னும் முக்கியம். தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவில் ஒரு பங்கு பின்னால் வந்து, குழலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. எந்தத் தோட்டா போட்டாலும் ஓட வேண்டும் என்று பல கம்பெனிகள் .308-இல் இந்த வாயுவைத் தேவைக்கு அதிகமாகவே விடுகின்றன. விளைவு, போல்ட் முரட்டுத்தனமாகப் பின்னால் பாயும், உதை கூடும், காலித் தோட்டாவின் விளிம்பு கிழியும். குழலிலிருந்து வாயுவைப் பின்னால் விடும் கேஸ் பிளாக்கில் சரிசெய்யும் திருகு இருந்தால் இதைத் தீர்க்கலாம். மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். சுட்டதும் போல்ட் பின்னால் நின்று பூட்டிக்கொள்ளவில்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள். தொடர்ந்து சில முறை தவறாமல் பூட்டினால் அதுதான் உங்கள் அளவு. வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதை வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

2022-இல் ரூகர் கொண்டுவந்த எஸ்எஃப்ஏஆர் இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்துகிறது. ஏஆர்-15 அளவு உடம்பில் .308, நான்கு நிலை கேஸ் பிளாக், 16 அங்குலக் குழல் கொண்டது சுமார் 6.8 பவுண்டு எடை. பண்ணையில் நடந்து தேடுவீர்கள் என்றால் தோள் உங்களுக்கு நன்றி சொல்லும். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். நாளில் பாதி ரேஞ்சில்தான் என்றால் 18 அங்குலக் குழலோடு எட்டரை, ஒன்பது பவுண்டு இருக்கும் முழு அளவு ரைஃபிள் சுகமாகச் சுடும்.

எம்1ஏ-வைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கொஞ்சம் இளகும். எம்14-இன் பொதுமக்கள் வடிவம் அது, ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்கும் அதன் இரும்புக் குறிகளை மிஞ்சியது இன்றும் குறைவு. ஆனால் ஸ்கோப் பொருத்த வேண்டும் என்றால் தனி மவுண்ட், அதுவும் நல்லதாக வாங்க வேண்டும். பிறகு கன்னத்தை வைக்கும் இடம் தாழ்ந்துபோகும், அதற்கு ஒரு மேடை. உங்கள் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் முந்தைய எம்1 கராண்ட் மேல் ஆசை வருபவர்களும் உண்டு. 1936-இல் ராணுவம் ஏற்றது, .30-06 தோட்டா, எட்டை ஒரு கிளிப்பில் சேர்த்து உள்ளே அழுத்த வேண்டும். வாங்கினால் ஒன்று நினைவிருக்கட்டும். கடையில் கிடைக்கும் கனமான .30-06 வேட்டைத் தோட்டாக்கள் அதன் ஆபரேட்டிங் ராடை (போல்ட்டை இயக்கும் தண்டு) வளைத்துவிடும், கராண்டுக்கென்று குறித்த 150 கிரெய்ன் தோட்டாவையே போட வேண்டும். அலபாமாவின் ஆனிஸ்டனில் உள்ள சிஎம்பி அமைப்பு விற்கும் கராண்டுகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள், கிரீன் கார்டு போதாது.

ஊரில் ராணுவத்திலோ போலீஸிலோ இருந்தவர்கள் வீட்டிலிருந்து வருபவர்கள் சிலர் எஸ்எல்ஆர் மாதிரி வேண்டும் என்பார்கள். இஷாப்பூரில் செய்த அந்த எஸ்எல்ஆர், பெல்ஜியத்தின் எஃப்என் ஃபால் வழி வந்தது. தோட்டா 7.62 நேட்டோ, அதாவது .308-இன் இரட்டைப் பிறவி. அமெரிக்காவில் ஃபால் புதிதாகவே கிடைக்கிறது. உழைப்பாளி, ஆனால் கனம், ஸ்கோப்புக்கு மேல்மூடியையே மாற்ற வேண்டும். பாசத்துக்கு வாங்கலாம், முதல் வேட்டை ரைஃபிளாக வேண்டாம்.

பிரவுனிங் பார் உண்மையான வேட்டைத் துப்பாக்கி. 1967-இலிருந்து வருகிறது. (முதல் உலகப் போர்க் கால பார் இயந்திரத் துப்பாக்கி வேறு.) மரக் கட்டை, மென்மையான உதை, .308-இல் மேகசினுக்கு நான்கு தோட்டா. மானுக்கு மட்டும் என்றால் இதையே சொல்லியிருப்பேன். பன்றிக் கூட்டத்துக்கு நான்கு போதாமல் போகும், கேஸ் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் ஏஆர் போல் எளிதில்லை.

ஏஆர் வகைக்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் கை. இரண்டு வருடமாக உங்கள் கட்டைவிரலுக்கு சேஃப்டி எங்கே என்று தெரியும். எம்1ஏ-வின் சேஃப்டி விசை வளையத்துக்கு முன்னால், விரலால் முன்னே தள்ளுவது. பாரில் குறுக்கே அழுத்தும் பொத்தான். இருட்டில், பதற்றத்தில், பக்கத்தில் நண்பர் நிற்கும்போது, கை தானாகப் போகும் இடத்தில் சேஃப்டி இருப்பது பெரிய விஷயம்.

சட்டம் பற்றி. கிரீன் கார்டுக்காரர் உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். 4473 படிவம் நிரப்பி, யுஎஸ்சிஐஎஸ் எண் கொடுத்து, எஃப்பிஐ பின்னணிச் சோதனை முடிந்ததும் எடுத்துப் போகலாம். இதைப் படிக்கும் எச்-1பி, எஃப்-1 நண்பர்கள் கவனியுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகக் குற்றம். நண்பருடையதை வாங்கி ரேஞ்சில் ஒரு முறை சுட்டுப் பார்ப்பதும் அதில் சேரும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சஸில் 2019 செப்டம்பரிலிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. அதனால் "உரிமம் எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள், பன்றிக்குத் தேவையில்லாவிட்டாலும் உங்கள் விசாவுக்குத் தேவை. நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது 15 வருடம் வரை சிறை தரக்கூடிய குற்றம்.

வேலை மாறி கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்களுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், ஏஆர் வகையை உள்ளே கொண்டுபோக முடியாமல் போகலாம், மேகசின் அளவுக்கும் கட்டுப்பாடு உண்டு. அப்படியானவர்களுக்கு பார் பெரும்பாலும் தொல்லையில்லாதது. பென்சில்வேனியாவில் மானை எந்த செமி ஆட்டோ ரைஃபிளாலும் சுடக் கூடாது.

தோட்டாவில் வேட்டைக்கு 150 அல்லது 165 கிரெய்ன் மென்முனைக் குண்டு. முழு உறை போட்ட குண்டு மலிவு, ரேஞ்சுக்குச் சரி, ஆனால் விலங்கை ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்.

அந்தப் பக்கம் என்னவிருக்கிறது என்பதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற கேள்வி. எதிலும் படாத .308 குண்டு இரண்டு மைலுக்கு மேல் போகும். மத்திய டெக்சஸ் பண்ணைகளைச் சுற்றி இப்போது வீட்டுமனைகள் வந்துவிட்டன. பகல் வெளிச்சத்தில் பண்ணையை நடந்து பாருங்கள். எந்தத் திசையில் மண்மேடு, எந்தத் திசையில் சாலை, எங்கே பக்கத்து வீடு, எங்கே மாடு என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். முடிந்தால் உயரமான மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுங்கள், மண்ணே குண்டைப் பிடித்துக்கொள்ளும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் பன்றி எவ்வளவு பெரியதானாலும் விட்டுவிடுங்கள்.

ஸ்கோப்புக்கு 400, 500 டாலர் ஒதுக்குங்கள். பகலில் மட்டும் என்றால் 3-9 உருப்பெருக்கம், நெருக்கத்திலும் சுட வேண்டும் என்றால் 1-6. நூறு கெஜத்தில் குறி சேர்த்தால் இருநூறில் குண்டு ஏறக்குறைய 4 அங்குலம் இறங்கும், முந்நூறில் ஓர் அடிக்கு மேல். காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மஃப்பும், இரண்டும் வேண்டும். .308-இன் சத்தம் 160 டெசிபலைத் தொடும், 140-லேயே காது கெட்டுவிடும்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டாலும் உறவினர் குழந்தைகள் வருவார்கள். பூட்டும் இரும்பு அலமாரியை ரைஃபிள் வருவதற்கு முந்தைய வாரமே வாங்கிச் சுவரோடு போல்ட் போட்டு வையுங்கள், தோட்டாவுக்கு வேறு பூட்டு. ரைஃபிள் வந்ததும் குழலைத் துடைத்து, போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, இருபது தோட்டா மட்டும் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள். வேட்டைத் தோட்டாவில் ஒரு பெட்டியாவது தடங்கல் இல்லாமல் ஓடிய பிறகு பண்ணைக்குப் போகும் தேதியை நண்பரிடம் சொல்லலாம்.