ஷேம்லெஸ்: அமெரிக்கத் தொடரைப் பார்த்தாச்சு, பிரிட்டிஷ் மூலத்தையும் பார்க்கணுமா?

கட்டாயம் பாருங்கள், குறிப்பாக முதல் இரண்டு சீசன்களை. 2004இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. கதைக்களம் மான்செஸ்டரில் ஒரு கற்பனைக் குடியிருப்பு. குடிகார அப்பா ஃபிராங்க், ஓடிப்போன அம்மா, ஆறு பிள்ளைகள். வீட்டைத் தாங்குவது மூத்தவள் ஃபியோனா.

தொடரை எழுதிய பால் அபோட், வட இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் வளர்ந்தவர். அம்மாவும் பின்னர் அப்பாவும் விட்டுப்போக, பதின்வயது அக்காதான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். அதனாலோ என்னவோ, தொடர் வறுமையைக் காட்டி நம்மை அழவைக்கப் பார்ப்பதே இல்லை. இந்தப் பிள்ளைகள் பரிதாபத்தை எதிர்பார்ப்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டே ஒருவரையொருவர் காப்பாற்றுகிறார்கள்.

ஃபியோனாவாக நடித்த ஆன்-மேரி டஃப் இரண்டாவது சீசனில் விலகினார். அப்புறம் அதே குடியிருப்பில் இருக்கும் ரவுடிக் குடும்பமான மக்வயர் குடும்பத்துக்குக் கதையில் இடம் கூடியது. எனக்கு ஆர்வம் குறைந்தது. தொடர் 2013 வரை ஓடியது. உச்சரிப்பு கொஞ்சம் படுத்தும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.