கணவருக்கு டி.பி.; எனக்கும் பாப்பாவுக்கும் எதற்கு மாத்திரை?

கேள்வி: ஹவுசிங் போர்டில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. ஹார்பரில் லோடு வேலை பார்க்கும் என் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து, 'மாத்திரை ஈரலைக் கெடுக்குது, நிறுத்திடலாம்' என்கிறார். இப்போது எனக்கும் நான்கு வயது மகளுக்கும் மாத்திரை போட வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு இருமலே இல்லை. அவர் தட்டு, டம்ளரைக்கூடத் தனியாக வைத்துவிட்டேன். அப்படியே போட வேண்டுமென்றாலும், அவர் மாத்திரையில் பாதியைப் பாப்பாவுக்குக் கொடுத்தால் போதாதா? நான் கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறேன். - வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் அந்தப் பாதி மாத்திரை. தயவுசெய்து கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் கணவர் இப்போது விழுங்குவதில் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைராசினமைடு, எத்தம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. அளவு அவருடைய எடைக்கு. எத்தம்பியூட்டால் சிலருக்குப் பார்வையைப் பாதிக்கும். 'கண் மங்கலா தெரியுது' என்று நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியுமா?

நான்கு மருந்து ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் பெரிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். நோய் முற்றிய நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒரு மருந்துக்கு மசியாத சில, இயல்பாகவே இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, மசியாதவை மட்டும் பெருகும். அதனால்தான் கூட்டாகக் கொடுக்கிறோம்.

உங்களுக்கோ பாப்பாவுக்கோ அவர் இருமலிலிருந்து கிருமி போயிருந்தால், அது பெரும்பாலும் கொஞ்சமாக, தூங்கிக்கொண்டிருக்கும். அதை ஒழிக்க ஒன்றிரண்டு மருந்தே போதும்: ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை 12 வாரம். யாருக்கு எது என்று வயதும் எடையும் பார்த்து முடிவு செய்வார்கள். கிருமி புகுந்த பெரியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சீக்கிரம் வரும், மூளைவரை போகும். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசி அந்த மோசமான வகைகளை ஓரளவு தடுக்குமே தவிர முழுக் காப்பு இல்லை.

ஆனால் தடுப்பு மாத்திரை தொடங்குமுன், உள்ளே நோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். மறைந்திருக்கும் நோய்க்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால், மேலே சொன்ன மசியாத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம். மார்பு எக்ஸ்ரேக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போய்வாருங்கள். இருமல் இல்லை என்கிறீர்கள். பாப்பா எடை கூடுகிறாளா, முன்போல் ஓடியாடுகிறாளா, சாயங்காலம் உடம்பு சுடுகிறதா என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவர். ஆரஞ்சு நிறம் ரிஃபாம்பிசின் வெளியேறும் சாயம்தான். வியர்வையிலும் கண்ணீரிலும்கூடத் தெரியும். அது ஈரல் பழுதல்ல. பழுதா என்று பார்க்க, காலை வெளிச்சத்தில் அவர் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளித்தாலோ, வாந்தி வந்து சோறே இறங்காமல் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி இல்லையென்றால் ஆறு மாதத்தையும் முடிக்க வேண்டும். இருமல் நின்றதற்குக் காரணம் வேகமாகப் பெருகிய கிருமிகள் செத்தது. மெல்ல வளர்பவை இன்னும் மிச்சம். குடிப்பழக்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஈரலுக்குப் பயப்படுகிறவர் முதலில் விட வேண்டியது அதைத்தான். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் கேளுங்கள்.

தட்டு, டம்ளரைத் திரும்பச் சேர்த்து வையுங்கள். டி.பி. எச்சில் பாத்திரத்தால் பரவாது, காற்றில் பரவும். கொசுவுக்குப் பயந்து சாத்திய ஜன்னலைத் திறந்தால் அதுவே பெரிய உதவி. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இது நம் ஊரிலேயே நிரூபணமானது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் அறிக்கை வந்தது. தொடர்ந்து கவனித்ததில், அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவுமில்லை. சானடோரியங்கள் உலகெங்கும் காலியாக இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, கருத்தடை மாத்திரை. சுகாதார நிலையத்தில் இதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் கேட்க மறந்துவிடுவார்கள். வாரம் ஒரு முறை மருந்து என்றால், அதிலுள்ள ரிஃபாபென்டின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். அது முடிந்து ஒரு மாதம் வரையாவது ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும். ஐசோனியாசிட் மட்டும் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கால் மரத்துப் போகாமல் இருக்க பி6 வைட்டமின் மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.