குடிய விட நினைக்கிறவங்களுக்கான குரூப் நம்ம ஊர்ல எங்க இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

"அண்ணன் தினமும் குடிக்கிறாரு, குடிய விட்டவங்க ஒண்ணா கூடுற குரூப் எங்க ஊர்ல இருக்கா, எப்படித் தேடறது"ன்னு கேட்டிருக்கீங்க. வீட்ல எல்லாரும் கைய விரிச்சதுக்கப்புறம் நீங்க ஒரு ஆள்தான் ராத்திரி போன வச்சிட்டு தேடிட்டு இருக்கீங்கன்னு தோணுது. எங்க வீட்ல என் சம்சாரம் அப்படித்தான் தேடுனா.

முதல்ல நேரா பதில். 14446க்கு போன் போடுங்க, மத்திய அரசோட இலவச நம்பர், போதைப் பழக்கத்துக்குன்னே இருக்கு. ஜிஎச்ல மனநலப் பிரிவு ஓ.பி.ல கேளுங்க, ஏ.ஏ. ஆளுங்க நம்பர் பெரும்பாலும் அங்க யார்கிட்டயாவது இருக்கும். ஏ.ஏ.ன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நீங்க கேட்ட அந்த குடிய விட்டவங்க கூடுற குரூப்புதான். பீஸ் கிடையாது, அட்ரஸ் கேட்க மாட்டாங்க, குடிய விடணும்னு ஆசை இருந்தா போதும். கடைசில ஒரு தட்டு சுத்தி வரும், இருந்தா போடலாம், இல்லன்னா விட்டுடலாம்.

இப்ப என் கதை. நான் திருச்சி பக்கம் வெல்டர். 2018ல சமயபுரத்துல அம்மா முன்னாடி சத்தியம் பண்ணி கயிறு கட்டிக்கிட்டு ஒரே நாள்ல நிறுத்துனேன். ரெண்டாவது நாள் கை நடுக்கம், வேர்வை, சாயங்காலம் வலிப்பு வந்து நாக்க கடிச்சுக்கிட்டேன். வருஷக்கணக்கா தினமும் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்துனா இப்படி ஆகும், உயிரே போகலாம்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு. அதனால அண்ணன இன்னைக்கே நிறுத்துன்னு கட்டாயப்படுத்தாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. குரூப்பு அதுக்கு அடுத்தது, மருந்துக்குப் பதில் குரூப்புன்னு நான் சொல்லவே இல்ல, கமெண்ட்ல வந்து சண்ட போடாதீங்க.

என்ன சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டுல ஒரு நர்சம்மா என் சம்சாரத்துகிட்ட ஒரு நம்பர் எழுதிக் குடுத்தாங்க. அவ போன் போட்ட அன்னைக்கு ராத்திரியே முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேர் வந்து என் கட்டில்கிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார், இன்னொருத்தர் லோடு ஆட்டோ ஓட்டுறவரு. அட்வைஸ் ஒரு வார்த்த கிடையாது. வாத்தியாரு, பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வச்ச பணத்த குடிச்சத சொன்னாரு, அவ்வளவுதான். நான் போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டு அழுதேன், ஏன்னா நானும் அதத்தான் பண்ணியிருந்தேன், என் பொண்ணோட கொலுசு அடகுக்கடைலயே முழுகிப்போச்சு.

இந்த ஏ.ஏ.வே அப்படி ஒரு போன்ல ஆரம்பிச்சதுதான்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். 1935ல அமெரிக்கால ஏக்ரன்னு ஒரு ஊரு, பில் வில்சன்னு ஒருத்தர் வியாபாரத்துல தோத்துட்டு ஓட்டல்ல நிக்கிறாரு, ஒரு பக்கம் பார். அவரு பாருக்குப் போகாம சர்ச்சுங்களுக்கு போன் போட்டு இன்னொரு குடிநோயாளிய தேடுறாரு. கிடைச்சவரு பாப் ஸ்மித், ஒரு சர்ஜன். அந்த ரெண்டு பேர்தான் ஆரம்பம். நீங்களும் இப்ப அதே மாதிரி ஒரு ஆளத்தான் தேடுறீங்க.

டிஸ்சார்ஜ் ஆகி முதல் மீட்டிங் போனேன், ஒரு சர்ச் வளாகத்துல சின்ன ரூம். உள்ள எங்க தெருக்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு, டீ கூட குடிக்காம திரும்பிட்டேன். அவரும் அதே காரணத்துக்குத்தான் அங்க இருக்காருன்னு என் மண்டைல ஏற மூணு வாரம் ஆச்சு. அப்புறம் வேற ஏரியா மீட்டிங் போனேன், அங்க ஒட்டிக்கிச்சு. ஒரு குரூப் பிடிக்கலன்னா ஏ.ஏ.வே சரியில்லன்னு விட்டுடாதீங்க, குறைஞ்சது மூணு இடம் பாருங்க. சர்ச்சுல நடக்குது, மதம் மாத்துறாங்கன்னு சிலர் சொல்றாங்க, நான் விபூதி பூசிட்டுத்தான் போறேன், என் பக்கத்துல ஒரு பாய் உக்காருவாரு, இதுவரைக்கும் யாரும் யாரயும் எதுவும் கேட்டதில்ல.

அப்புறம் குடிக்கிறவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற பவுடர்னு விளம்பரம் வருமே, எங்கம்மா அதையும் வாங்கி ரசத்துல கலந்தாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். டைசல்ஃபிராம்னு, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மாத்திரை ஒண்ணு இருக்கு, அத குடிக்கிறவரு சம்மதத்தோட டாக்டர் பார்த்துக் குடுக்கறது வேற, அவருக்குத் தெரியாம குடுத்து, அதுக்கு மேல அவரு குடிச்சா பி.பி. இறங்கி உயிருக்கு ஆபத்து.

கேட்காத ஒண்ணு சொல்லிக்கறேன், மனசு கேக்கல. ஒரு சொட்டு தொடாம இத்தன வருஷம் ஆகியும் பட்டறைல காப்பர் கேபிள் காணோம்னா முதல்ல என் சாப்பாட்டுப் பையத்தான் திறந்து பாக்குறாங்க. நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் முன்னாடி. குடிச்சப்ப கூட நான் திருடுனது எங்க வீட்ல மட்டும்தான். அன்னைக்கு சாயங்காலம் நேரா மீட்டிங் போயி இதச் சொன்னேன், வேற எங்க சொல்றது?

அண்ணன் வரமாட்டேன்னா நீங்க மட்டும் போங்க. குடும்பத்துக்காரங்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு, 1951லேயே பில்லோட மனைவி லோயிஸ் இன்னொரு அம்மாவோட சேந்து ஆரம்பிச்சது. என் சம்சாரம் இப்பவும் போறா, அங்க என்ன பேசுறான்னு நான் கேட்கறதில்ல.

எந்த மாவட்டம்னு மட்டும் கமெண்ட்ல போடுங்க, எங்க குரூப்ல விசாரிச்சு சொல்றேன். அண்ணன் பேரு போட வேண்டாம்.