பழைய ஏவிஐ, எம்பெக் வீடியோக்களைத் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றுவது எப்படி?

ஏவிஐ என்பது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் உறை மட்டுமே என்பதால், உள்ளே எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) இருக்கிறது என்பதை மீடியாஇன்ஃபோ மென்பொருளில் முதலில் பார்த்துவிடுங்கள். அது எம்பி4 கோப்புகளில் பரவலாகப் பயன்படும் எச்.264 ஆகவே இருந்தால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் உறையை மட்டும் மாற்றலாம். படத்தின் தரம் துளியும் குறையாது. டிவ்எக்ஸ், எம்பெக்-2 போன்ற பழைய கோடெக்குகளில் உள்ளவற்றை இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.264 ஆக மாற்றும்போது, தர எண்ணை 18 முதல் 20 வரை வைப்பதே என் பரிந்துரை. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். இழப்பே இல்லை என்று சொல்ல முடியாவிட்டாலும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கேம்கார்டர் பதிவுகளில், கையசைக்கும்போது விளிம்புகள் சீப்பின் பற்களைப் போலப் பிரிந்து தெரிந்தால், அந்தப் பிரிவைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியை ஹேண்ட்பிரேக்கில் அவசியம் இயக்குங்கள்; பலரும் தவறவிடுவது இதைத்தான். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், ஏனெனில் பிற்காலத்தில் வேறு வடிவத்துக்கு மாற்ற நேர்ந்தால் அதிலிருந்தே தொடங்க வேண்டும்.