கேரளத் தீயணைப்பு வீரருக்கு ஓய்வு வயது 56ஆ, 60ஆ?
கொழிஞ்சாம்பாறையில் ஒரே நிலையத்தில் பணியாற்றும் அண்ணனுக்கு 56, தம்பிக்கு 60 என்கிறார்களே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். கேரள அரசுப் பணியில் 2013 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால் 56 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். அன்றோ அதற்குப் பின்னோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வருவதால் 60 வரை பணியில் இருப்பார்கள். அறுபதை நெருங்கும் உடம்போடு ஏணியேறித் தண்ணீர்க் குழாயைத் தாங்க வேண்டியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டும், முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டும் தகுதிப் பணிக்காலம் வேண்டும். பொள்ளாச்சியில் பணியாற்றும் உறவினர் சொல்லும் 60 தமிழ்நாட்டு விதி என்பதால், அதை அண்ணனுக்குப் பொருத்தாமல் அவருடைய பணிப்பதிவேட்டில் சேர்ந்த தேதியைப் பாருங்கள்.