தரவரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

வணக்கம் சார். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தும், பத்திரிகைத் தரவரிசையில் முன்னால் நிற்கும் தனியார் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எழும்பூரில் இருக்கும் அந்த அரசுக் கல்லூரியைத்தான் சொல்வேன். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசைப் பட்டியலில்கூட கவின் கலைக்கென்று தனிப் பிரிவே கிடையாது. எழும்பூர்க் கல்லூரியோ 1850இல் தொடங்கியது. அங்கே முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அந்தப் பாரம்பரியத்தை எந்த மதிப்பெண்ணில் அடக்குவது?

ஆனாலும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கட்டணம் கட்டுமுன் ஒரு வேலைநாளில் மகளோடு இரண்டு இடத்துக்கும் போய் வாருங்கள். அச்சுக்கலைக் கூடத்தில் மை வாசம் அடிக்கிறதா, இயந்திரம் தூசி படிந்து கிடக்கிறதா பாருங்கள். வகுப்பு முடிந்தபிறகும் கூடம் திறந்திருக்குமா என்று கடைசி வருடப் பிள்ளைகளிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.